26இல் நின்றுபோன எண்

தங்கச்சி, நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொப்பிப் பக்கத்தை இரண்டு தரம் பார்த்தேன். உயர்தரப் பரீட்சை நெருங்குகிற நேரத்தில் பெடியன் இரவிரவாக ஒரே எண்ணை வகுத்துக்கொண்டிருக்கிறான், ஏதும் பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். பிழை ஒன்றும் இல்லை.

அந்த எண் 3608528850368400786036725. முதல் இரண்டு இலக்கம் 36, இரண்டால் மிச்சமில்லாமல் வகுபடும். முதல் மூன்று 360, மூன்றால். 3608, நான்கால். ஏழு இலக்கம் எடுத்தால் 3608528. அதை ஏழால் வகுத்தால் 515504. இப்படியே போய் 25 இலக்கமுள்ள முழு எண்ணும் 25ஆல் வகுபடும். இந்தக் குணமுள்ள எண்களில் இதுதான் ஆகப் பெரியது.

இதெல்லாம் அவன் எங்கோ பார்த்து எழுதியிருக்கலாம். என்னைப் பிடித்தது பக்கத்தின் அடியில் பென்சிலால் கிறுக்கிய வரி: "14 வேணும், 9க்கு மேல இலக்கம் இல்லை." ஏன் 26ஆம் இலக்கம் வராது என்று தானே பார்த்திருக்கிறான். கடைசியில் ஒரு பூச்சியத்தைப் போட்டு 26ஆல் வகுத்தால் மீதி 12. மீதி இல்லாமல் போக இன்னும் 14 கூட்ட வேண்டும். தனி இலக்கம் ஒன்பதோடு முடிந்துவிடுகிறதே! 25 இலக்கத்தில் இந்த வகை எண் இது ஒன்றுதான் என்பதால் கதை அதோடு சரி. பல போன் கல்குலேட்டர்களில் இவ்வளவு நீள எண்ணுக்குக் கடைசி இலக்கங்கள் சரியாக வராது. அவன் கையால்தான் வகுத்திருக்கிறான்.

சரி, இப்போது பரீட்சை. இணைந்த கணித வினாத்தாளில் இது வராது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மூன்று பாடத்தின் சராசரி. இரசாயனவியல் இறங்கினால் கணிதத்தில் எடுத்ததையும் சேர்த்து இழுத்துவிடும். முல்லைத்தீவுக்கு மாவட்டக் கோட்டா இருக்கிறதுதான், அதற்காக ஒரு பாடத்தைக் கைவிட முடியாது. கொப்பியைப் பறிக்க வேண்டாம். பகலில் இரசாயனம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் எண். அவ்வளவுதான்.

"கணக்குப் படித்தால் வாத்தியார் வேலைதானே" என்றும் எழுதியிருந்தீர்கள். நானும் இருபது வருடம் வாத்தியாராக இருந்தவன்தான், சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் இவனுக்கு வேறு வழியும் தெரிகிறது. ஒரு இலக்கம் போட்டுப் பார்ப்பது, சரிவராவிட்டால் ஒரு படி பின்னால் வந்து வேறொன்று போடுவது: கணினி நிரல் எழுதுகிறவர்கள் செய்வதும் இதுதான். பரீட்சை முடிந்ததும் பைதன் என்ற நிரல் மொழியைப் பழகட்டும்; அதில் எண் எவ்வளவு நீளமானாலும் இலக்கம் தொலையாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, ஊரார் அதைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தையும் விண்ணப்பத்தில் மேலே போடச் சொல்வேன்.

அவனுக்கு ஒரு கணக்குக் கொடுங்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒவ்வொரு தரம் வர, இதே குணத்தோடு ஒரு எண். விடை ஒன்றே ஒன்று, 381654729. அதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாம் இடத்தில் ஏன் 5 தவிர வேறெதுவும் வராது என்று எழுதட்டும். அடுத்த கிழமை இரண்டு பேரும் வரும்போது அந்தக் கொப்பியும் இரசாயனவியல் தவணைத் தாளும் கையில் இருக்கட்டும்.