பத்தடிக் கம்பும் பயறளவு ஜிக்கும்

வசந்தம் வந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கேட்பதெல்லாம் புளூகில், கிராப்பி மீன்களைத் தூண்டிலில் பிடிப்பது பற்றித்தான். வாணலிக்குள் முழுசாக அடங்கும் மீன்கள் என்பதால் அங்கே இவற்றுக்குப் பொதுப்பெயர் பேன்ஃபிஷ். இந்த முறை வந்த கேள்விகளில் சில:

ஆறடித் தூண்டில் ராடு இருக்கிறது, நன்றாக வீசவும் வரும். பத்தடி ராடு தனியாக வாங்கத்தான் வேண்டுமா? (டல்லாஸ்)

குளத்தில் வீசுவதுதான் தொல்லையே. மீன் நடுக்குளத்தில் நிற்பதில்லை. விழுந்து கிடக்கும் மரக்கிளை, நாணல் ஓரம், படகுத்துறைப் பலகையின் நிழல், இங்கேதான் நிற்கும். அந்த இடுக்கில் வீசினால் மீனுக்கு முன்னால் கிளைதான் சிக்கும். பத்தடிக் கம்பை மெல்ல நீட்டி, நுனியிலிருந்து நேராக ஜிக்கை (ஈயத்தலை வைத்த சின்னத் தூண்டில் முள்) இறக்கிவிட்டால் சிக்கல் பாதி குறையும். நீங்களும் கரையிலிருந்து தள்ளியே நிற்கலாம். ஊரில் மூங்கில் கழியோடு கண்மாய்க் கரையில் நின்றவர்களுக்கு இது புதுசே இல்லை. கழி கிராஃபைட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

வாங்கும்போது நுனி மெத்தென்று வளைகிறதா என்று பாருங்கள். கிராப்பியின் வாயோரம் காகிதம் மாதிரி. அதற்குப் 'பேப்பர்மவுத்' என்றே பட்டப்பெயர் உண்டு. விறைப்பான ராடால் சுண்டினால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெறுமனே வரும்.

ஜிக் என்ன எடை, தூண்டில் நரம்பு என்ன தடிமன்? (அட்லான்டா)

1/32 அவுன்ஸில் தொடங்குங்கள். ஒரு கிராம்கூட வராது. காற்றில்லாத நாளில் 1/64. அதன் ஈயத்தலை பாசிப்பயறு அளவுதான். நரம்பு 4 பவுண்டு இழுவை தாங்கினால் போதும். முள் எண் கூடக்கூட முள் சிறிதாகும், கடையில் குழம்பிவிடாதீர்கள். வாய் சிறுத்த புளூகிலுக்கு 8 அல்லது 10, கிராப்பிக்கு 4 அல்லது 6. நிறத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம்.

தெளிந்த தண்ணீர், மீன் கண்ணுக்கே தெரிகிறது. ஜிக்கை எவ்வளவு ஆட்டியும் தொடமாட்டேன் என்கிறது. (சிகாகோ அருகே)

ஆட்டுவதால்தான் தொடவில்லை!

மரபூ என்கிற மெல்லிய இறகு கட்டிய ஜிக்கைத் தண்ணீரில் சும்மா தொங்கவிட்டுப் பாருங்கள். உங்கள் கை நடுக்கமும் சிற்றலையுமே போதும், இறகு மூச்சுவிடுகிற மாதிரி விரிந்து சுருங்கும். புளூகில் வந்து ஓர் அங்குலத் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு, பக்கத் துடுப்பை மட்டும் அசைத்தபடி பார்த்துக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் நீங்கள் ராடை ஒரு வெட்டு வெட்டினால் அது விலகிப்போய்விடும். பேசாமல் இருந்தால் 'சுப்'பென்று உறிஞ்சும். பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பும்.

இரண்டு விஷயம் சரிபாருங்கள். ஒன்று, ஜிக் தலைகீழாகத் தொங்காமல் படுத்த வாக்கில் நிற்க வேண்டும். ஜிக்கின் வளையத்தில் நரம்பு முடிச்சு பின்னுக்கோ முன்னுக்கோ நழுவியிருந்தால் நடுவே தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நழுவும். இரண்டாவது ஆழம். கிராப்பி தனக்கு மேலே இருப்பதைத்தான் பார்த்து ஏறிவரும், கீழே இறங்கித் தின்பது அபூர்வம். அதனால் மீன் நிற்கும் மட்டத்துக்கு ஓரடி மேலே நிறுத்துங்கள்.

கீழிருந்து கவ்வி மேலே ஏறுவதால் தக்கை முழுகாமல், சட்டென்று படுத்துக்கொள்வதும் உண்டு. அதுவும் கடிதான். காற்று என்று நினைத்து முதல் வருஷம் பூராவும் நான் விட்ட மீன்களுக்குக் கணக்கே இல்லை.

ரீல் இல்லாத ஜப்பானிய டென்காரா கம்பு சரிவருமா? (நியூ ஜெர்சி)

பிரமாதமாக வரும். ஒரே ஆபத்து, பெரிய பாஸ் மீனோ கெளுத்தியோ மாட்டினால் விட்டுப்பிடிக்க நரம்பு கிடையாது. கம்பை மீனை நோக்கி நீட்டிவிடாதீர்கள், வளைவு போய் எல்லாம் அறுந்துவிடும். நுனி நரம்பு 4 பவுண்டைத் தாண்ட வேண்டாம். உடைந்தால் நரம்பு உடையட்டும், கம்பு வேண்டாம்.

எந்த மாதம் போகலாம்? (ஆஸ்டின்)

மாதத்தைவிடத் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். 16–18 டிகிரி செல்சியஸில் கிராப்பி முட்டையிடக் கரைக்கு வரும், 20 தாண்டினால் புளூகில். மணல் தரையில் சாப்பாட்டுத் தட்டு தட்டாகப் பள்ளங்கள் தெரிந்தால் அவை புளூகில் கூடுகள். காவல் நிற்பது ஆண். எளிதாகக் கிடைக்கிறதே என்று பெரிய ஆண்களையெல்லாம் அள்ளிவிடாதீர்கள்.

டெக்சாஸில் 17 வயது ஆனவர்களுக்கு உரிமம் தேவை. மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்க மட்டும் வேண்டாம். கிராப்பிக்குப் பொதுவிதி, குறைந்தது 10 அங்குல நீளம், நாளைக்கு 25 மீன் வரை. சில ஏரிகளுக்குத் தனி விதி, பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

புளூகில் பார்க்க ஜிலேபி கெண்டை மாதிரியே இருக்கிறதே, குழம்பு வைக்கலாமா? (ஹூஸ்டன்)

தோற்றம்தான் அப்படி, குடும்பம் வேறு. செவுள் மூடியின் ஓரத்தில் கருநீலக் காது மாதிரி ஒன்று இருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். குழம்பில் கரண்டி பட்டாலே சதை உதிரும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவிப் பொரிப்பதுதான் என் கட்சி. முதுகு முள்ளில் ஜாக்கிரதை: தலைப்பக்கமிருந்து வாலை நோக்கி உள்ளங்கையால் படிய அழுத்திக்கொண்டுதான் பிடிக்க வேண்டும். எதிர்த்திசையில் தடவினால் கை ஒரு வாரத்துக்குச் சொல்லும்.