ட்ரவுட்டா, கப்ரேராவா? பேஸ்பாலில் எந்த எண் எதற்கு?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மேஜர் லீக் பேஸ்பால் பார்ப்போம். 2012-இல் அமெரிக்கன் லீக்கின் எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) விருதை மிகேல் கப்ரேராவுக்குக் கொடுத்தது சரியா, மைக் ட்ரவுட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டுமா என்ற சண்டை எங்களுக்குள் ஓயவே இல்லை. ஒருவர் ஆர்பிஐ (பேட்டரின் ஆட்டத்தால் அணிக்கு விழுந்த ரன்கள்) என்கிறார், இன்னொருவர் வார் (வீரரின் மொத்தப் பங்கை வெற்றிகளாகச் சொல்லும் எண்) என்கிறார். வீரரையும் அணியையும் எடைபோட எந்த எண்ணை நம்புவது?

பதில்: உங்கள் நண்பர்கள் இருவரும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு எண்ணை எடுக்கும்போதே, அதில் வீரரின் கைவேலை எவ்வளவு, கூட ஆடியவர்களின் பங்கு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

டெட்ராய்ட் டைகர்ஸின் கப்ரேரா அந்த ஆண்டு .330 ஆவரேஜ், 44 ஹோம் ரன், 139 ஆர்பிஐ எடுத்தார். மூன்றிலும் லீக்கில் முதலிடம். இந்த ட்ரிபிள் கிரவுனை அதற்கு முன் கடைசியாக வென்றவர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி, 1967-இல். ஏஞ்சல்ஸின் ட்ரவுட்டுக்கு அது முதல் முழு சீசன். .326, 30 ஹோம் ரன், 83 ஆர்பிஐ. ஏப்ரல் இறுதியில்தான் அணிக்குள் வந்ததால் 139 ஆட்டம்தான் ஆடினார், கப்ரேரா 161.

முதலில் ஆர்பிஐயை ஓரமாக வையுங்கள். பேஸில் ஆள் நின்றால்தான் அது ஏறும். கப்ரேரா மூன்றாவதாக இறங்கியவர். அவருக்கு முன்னால் ஆஸ்டின் ஜாக்சன் .377 ஆன்-பேஸில் (அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகும் விகிதம்) ஏறிக் காத்திருந்தார். ட்ரவுட் இன்னிங்ஸைத் தொடங்கிவைப்பவர். ஆட்டத்தின் முதல் வாய்ப்பில் அவருக்கு முன்னால் பேஸில் யாரும் இருக்க முடியாது. எனவே 139-க்கும் 83-க்கும் உள்ள இடைவெளியை அப்படியே திறமையின் இடைவெளியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து ஆவரேஜ். கிரிக்கெட் பழக்கத்தில் இதை ரன் சராசரியாக நினைத்துவிடாதீர்கள். அட்-பேட்டில் (வாக் போன்றவை நீங்கலான வாய்ப்புகள்) எத்தனை பங்கு ஹிட் என்பது மட்டும்தான் இது. வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கணக்கிலேயே வராது, சிங்கிளுக்கும் ஹோம் ரனுக்கும் ஒரே மதிப்பு. பேட்டரின் அடிப்படை வேலை அவுட் ஆகாமல் இருப்பது. அதைச் சொல்வது ஆன்-பேஸ். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கப்ரேரா 205 ஹிட், 66 வாக், 3 முறை உடம்பில் பந்து பட்டது: மொத்தம் 274. அதை 697 வாய்ப்பால் வகுத்தால் .393. ட்ரவுட் 182, 67, 6: மொத்தம் 255. 639-ஆல் வகுத்தால் .399. ஆவரேஜில் முன்னால் நின்றவர் இங்கே ஒரு முடி பின்னால் போகிறார்.

பெரிய அடிகளின் எடையைச் சொல்லும் ஸ்லக்கிங்கில் கப்ரேரா தெளிவாக மேலே: .606-க்கு எதிராக .564. இரண்டையும் கூட்டினால் வருவது ஓபிஎஸ். கப்ரேரா .999, ட்ரவுட் .963. சட்டென்று பார்க்க ஓபிஎஸ் நல்ல எண்தான், ஆனால் அதில் ஒரு கோணல் உண்டு. ஸ்லக்கிங்கில் ஹோம் ரனுக்கு சிங்கிளைப் போல 4 மடங்கு எடை. உண்மையில் விழும் ரன்களை வைத்துப் பார்த்தால் 2 மடங்குக்குச் சற்று மேல்தான். வாக்கோ சிங்கிளில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாகப் பெறும். டபிள்யூஓபிஏ என்ற எண் ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதன் ரன் மதிப்பையே எடையாகக் கொடுக்கிறது: வாக் 0.69, சிங்கிள் 0.88, ஹோம் ரன் 2.05 என்ற அளவில். மைதானத்தின் சாய்வையும் நீக்க வேண்டும். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பந்து பறக்கும். இதைத் திருத்தி, லீக் சராசரியை 100 என்று வைத்துச் சொல்வது ஓபிஎஸ்+. அதில் ட்ரவுட் சில புள்ளிகள் முன்னால் வந்துவிடுகிறார். சுருக்கமாக, மட்டையில் இருவரும் ஏறத்தாழ சமம். கூடுதல் ஆட்டம் ஆடியது கப்ரேராவுக்குச் சாதகம்.

மீதி வேலையில்தான் பெரிய வித்தியாசம். ட்ரவுட் 54 முறை பேஸ் திருட ஓடி 49 முறை தப்பினார். ஒரு வெற்றிகரமான திருட்டுக்கு சுமார் 0.2 ரன், பிடிபட்டால் சுமார் 0.4 ரன் நட்டம். 9.8-இல் 2 போனால், காலால் மட்டும் கிட்டத்தட்ட 8 ரன். (மூன்றில் இரண்டு முறையாவது தப்பாதவர் ஓடவே கூடாது என்பதும் இதே கணக்குதான்.) கப்ரேரா 28 டபுள் பிளேயில் (ஒரே அடியில் தானும் ஒரு ரன்னரும் அவுட்) சிக்கினார், ட்ரவுட் 7. ஆனால் இதை வைத்து அவரைத் திட்டுவதற்கு முன், ஆர்பிஐ வாய்ப்பைத் தந்த அதே ரன்னர்கள்தான் டபுள் பிளே வாய்ப்பையும் தந்தார்கள் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும் ரன்னாக மாற்றிக் கூட்டுவதுதான் வார். மட்டை, ஓட்டம், தடுப்பு, நிற்கும் இடம் ஆகியவற்றைக் கூட்டி, குறைந்த சம்பளத்தில் மைனர் லீக்கிலிருந்து எப்போதும் கொண்டுவரக்கூடிய ஒரு மாற்று ஆளைவிட எவ்வளவு மேல் என்று பார்க்கிறார்கள். சுமார் 10 ரன்னுக்கு ஒரு வெற்றி. அணி முழுக்க அப்படிப்பட்ட மாற்று ஆட்களே இருந்தால் 162 ஆட்டத்தில் 48 அளவில்தான் வெல்லும் என்பது அடிக்கோடு. பேஸ்பால்-ரெஃபரன்ஸ், ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளங்கள் இரண்டிலுமே ட்ரவுட் 10-க்கு மேல், கப்ரேரா 7-ஐ ஒட்டி.

இங்கே பலர் தவறாகச் சொல்லும் ஒன்று: ட்ரவுட் சென்டர் ஃபீல்டில் நின்றதால் சலுகை கிடைத்தது என்பது. ஃபேன்கிராஃப்ஸ் கணக்கில் சென்டர் ஃபீல்டுக்கும் தேர்ட் பேஸுக்கும் ஒரே கூட்டல்தான், சீசனுக்கு 2.5 ரன். வித்தியாசம், நின்ற இடத்தில் எத்தனை பந்தை எட்டினார்கள் என்பதில். தடுப்பு அளவைதான் வாரின் பலவீனமான கால். ஒரு சீசன் தடுப்பு எண்ணை அரை நம்பிக்கையோடுதான் எடுக்க வேண்டும். அதனால் வாரில் 6.1-க்கும் 5.6-க்கும் சண்டை போடாதீர்கள். 3 வெற்றி வித்தியாசம் அந்தத் தடுமாற்றத்தையும் தாண்டி நிற்கிறது. வாரின் கணக்கில் சிக்காத ஒன்றும் உண்டு: பிரின்ஸ் ஃபீல்டர் வந்ததும் கப்ரேரா ஃபர்ஸ்ட் பேஸை விட்டுக்கொடுத்து தேர்ட் பேஸுக்கு நகர்ந்தார்.

28 முதலிட வாக்குகளில் 22 கப்ரேராவுக்குப் போயின. டைகர்ஸ் பிளேஆஃப் போனது என்பது ஒரு வாதம்; ஆனால் அவர்கள் வென்றது 88, வெளியே நின்ற ஏஞ்சல்ஸ் வென்றது 89. வெற்றியாளர் பிளேஆஃப் அணியைச் சேர்ந்திருக்க வேண்டியதில்லை என்று வாக்குச்சீட்டு விதியே சொல்கிறது. என் தீர்ப்பு ட்ரவுட். கப்ரேராவின் சாதனை அதனால் ஒரு துளியும் குறையாது.

பிட்சருக்கு வந்தால், வெற்றி-தோல்வியைத் தூக்கிப் போடுங்கள். 2018-இல் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 217 இன்னிங்ஸில் 1.70 ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கும் ரன்) வைத்தும் 10 வெற்றி, 9 தோல்விதான். அணி ரன் எடுத்துத் தரவில்லை. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது சரியாகவே அவருக்குப் போனது. ஃபீல்டர்களின் உதவியைக் கழிக்க எஃப்ஐபி: ஹோம் ரன்னை 13-ஆலும், வாக்கையும் உடம்பில் பட்டதையும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக் அவுட்டின் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்) இரு மடங்கைக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, 3.1-ஐ ஒட்டிய மாறிலியைச் சேர்க்க வேண்டும். பிட்சர்களின் வார் இரு தளங்களிலும் மாறுபடுவது இதனால்தான். ஃபேன்கிராஃப்ஸ் எஃப்ஐபியில் தொடங்குகிறது, பேஸ்பால்-ரெஃபரன்ஸ் கொடுத்த ரன்னில்.

அணிக்கு: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். அணி வெல்ல வேண்டிய ஆட்டங்களின் பங்கு கிடைக்கும். 2012 பால்டிமோர் ஓரியோல்ஸ் எடுத்தது 712, கொடுத்தது 705. கணக்கு 82 வெற்றி என்கிறது. அவர்கள் வென்றது 93. ஒரு ரன் ஆட்டங்களில் 29-9. அந்த அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை: அடுத்த ஆண்டு அதே வகை ஆட்டங்களில் 20-31, மொத்த வெற்றி 85.

கடைசியாக, மே மாதத்தில் யார் ஆவரேஜ் சொன்னாலும் அட்-பேட் எத்தனை என்று கேளுங்கள். உண்மையான .270 பேட்டர் 100 அட்-பேட்டில் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே .226 முதல் .314 வரை எங்கும் நிற்கலாம். மூன்றில் ஒரு முறை அதற்கும் வெளியே போவார். அந்த நேரத்தில் ஸ்ட்ரைக் அவுட் விகிதத்தைப் பாருங்கள். அது 60 வாய்ப்பிலேயே ஓரளவு பேசத் தொடங்கிவிடும்.