தம்பி போடும் கையெழுத்து

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 24. 2023-ல் பி.இ. எலக்ட்ரானிக்ஸ் முடித்து ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க அட்மிஷன் வந்துவிட்டது. மொத்தம் 40 லட்சம் ஆகும். எம்.இ. சேர எழுதும் கேட் தேர்வு மதிப்பெண்ணும் இருக்கிறது, கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் எம்.இ. இடம் கிடைத்துவிடும் போலிருக்கிறது. அப்பா 2023-ல் ரிடையர் ஆகிவிட்டார். பென்ஷன் இல்லை. வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கலாம் என்கிறார். சம்பாதிக்கிற ஒருவர் கையெழுத்தும் வேண்டுமாம். தம்பி அதே வருடம் டிப்ளமோ முடித்து எண்ணூர் பக்கம் காண்ட்ராக்டில் இருக்கிறான், வீட்டுச் செலவை அவன்தான் பார்க்கிறான், கையெழுத்துப் போடத் தயார். அமெரிக்காவா, கிண்டியா? அம்மா அப்பாவை விட்டுப் போவது தவறா?

- வாசகி, சென்னை

பதில்: உன் வயதில் எனக்குப் பேத்தி இருக்கிறாள். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

அம்மா அப்பாவை விட்டுப் போவது தவறில்லை. அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

உன் கடிதம் நான்கு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். பல்கலைக்கழகத்தின் ரேங்க், அந்த ஊர்க் குளிர், ரூம்மேட் எப்படிக் கிடைப்பாள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். தம்பிக்கு ஒரே வாக்கியம். அதையும் பேங்க் சமாச்சாரத்துக்கு நடுவில் செருகியிருக்கிறாய்.

நீ பி.இ. முடித்தது 2023. அப்பா ரிடையர் ஆனது 2023. தம்பி டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனது 2023. மூன்றையும் உன் கையால் எழுதிவிட்டு, சேர்த்து ஒரு தடவை படித்துப் பார்க்கத் தோன்றவில்லையா? டிப்ளமோ முடித்த பையன் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம். பாலிடெக்னிக் வாசலை மிதித்த எல்லாருக்கும் இது தெரியும். அவன் ஏன் சேரவில்லை? படிப்பில் ஆசை இல்லையா, வீட்டு நிலைமையைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லையா? ஒரே வீட்டில் இருக்கிற அக்கா நீ, இதைக் கேட்டதாக நான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

இன்னொன்று. ஜி.ஆர்.இ., டோஃபல் என்று வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வுகள், ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம், எல்லாவற்றையும் சொந்தச் சம்பளத்தில் கட்டினேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். சரி. அப்போது வீட்டுக்கு அரிசி வாங்கியது யார்? சிலிண்டர்க்காரருக்குப் பணம் கொடுத்தது யார்? அவன் சம்பளம் வீட்டுக்குப் போனதால்தான் உன் சம்பளம் உன் கையில் நின்றது.

எண்ணூர் விரைவு சாலையில் காலை ஷிப்ட்டுக்குப் போகிற பையன்களைப் பார்த்திருக்கிறாயா? கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவில் இருக்கிற சந்தில், கைக்குட்டையை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு பைக்கை நுழைப்பார்கள். காண்ட்ராக்ட் ஆள் வேறு. நாளையிலிருந்து வராதே என்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அப்படிப்பட்டவன் கையெழுத்தைத்தான் 40 லட்சத்துக்குக் கேட்கிறாய்.

அது சாட்சிக் கையெழுத்து என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். கோ-அப்ளிகண்ட் என்றால் அந்தக் கடன் அவனுடையதும்தான். நீ கட்டாவிட்டால் அவன் கட்ட வேண்டும். யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்று பதிந்து வைக்கிற சிபிலில் இரண்டு பேர் கணக்கிலும் ஏறும். நாளைக்கு அவன் ஒரு வீட்டுக் கடனுக்குப் போய் நின்றால், உன் 40 லட்சத்தைக் கழித்துவிட்டுத்தான் அவனுக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 55,000 ரூபாய் சொச்சம். படிக்கிற காலத்திலும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் அசலோடு சேர்த்தால் தவணை இன்னும் ஏறும். தம்பி சம்பளம் எவ்வளவு என்று நீ எழுதவில்லை. 55,000 இருக்காது என்று எனக்குத் தெரியும்.

நான் அங்கே சம்பாதித்துக் கட்டிவிடுவேன் என்பாய். கட்டுவாய், வேலை இருக்கும்வரை. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்கிற தற்காலிக வேலை அனுமதியில் ஒரு வருடம். ஸ்டெம், அதாவது அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு என்பதால் இன்னும் 24 மாதம். அதற்கு மேல் தங்க எச்-1பி வேலை விசா குலுக்கலில் பெயர் வர வேண்டும். வருடத்துக்கு 85,000 பேருக்குத்தான் இடம், போட்டி போடுகிறவர்கள் அதைப் போலச் சில மடங்கு. கையில் உறுதியாக இருப்பது மூன்று வருடம், கடனோ பத்து வருடம்.

வீட்டுப் பத்திரமும் போகிறது. பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தபோது எங்கள் தெருவில் மைசூர்பாகு கொடுத்தவள் நான். பங்கு சமம் என்று வாதாடியவள் பாரமும் சமம் என்றுதான் சொல்வேன். அக்கா படிக்கட்டும் என்று தம்பி ஒதுங்குவது நல்ல மனசு. அதைக் கவனிக்காமலேயே அக்கா தாண்டிப் போவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். என் அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று ஹார்பரில் வேலைக்குப் போனார். நான் ராணி மேரி கல்லூரிக்குப் போனேன். "உனக்குப் படிக்க ஆசை இருந்ததா அண்ணா?" என்று நான் கேட்டபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்கு அது" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார்.

உன் இரண்டு கதவும் காத்திருக்கும். கேட் மதிப்பெண் 3 வருடம் செல்லும், ஜி.ஆர்.இ. 5 வருடம். எழுதிக் கேட்டால் அட்மிஷனை ஒரு வருடம் தள்ளி வைக்கிற பல்கலைக்கழகங்களும் உண்டு. காண்ட்ராக்ட் வேலையில் பழகிப்போன பையன் ஒவ்வொரு வருடமும் படிப்பை விட்டுத் தூரம் போய்க்கொண்டிருப்பான். அவனுக்குப் படிக்க ஆசை இருந்தால் நீ இந்த வருடம் வேலையை விடாதே. வீட்டுச் செலவை நீ எடுத்துக்கொள். அவன் லேட்டரலில் சேரட்டும், மூன்று வருடத்தில் வெளியே வந்துவிடுவான். அப்போது உனக்கு 28 கூட ஆகியிருக்காது. அதற்குள் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். அப்போது வாயைத் திறந்து பேசு, நான் உன் பக்கம்.

கிண்டியை 'உள்ளூர்தானே' என்று ஒற்றை வார்த்தையில் தள்ளியிருக்கிறாய். 1794-ல் சர்வே பள்ளியாக ஆரம்பித்த இடம் அது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஒரே வண்டியில் கிண்டி. கேட் எழுதிச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வெளிநாடுதான் என்றால் ஜெர்மனியையும் விசாரி. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது; விசாவுக்காக ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் காட்டச் சொல்வார்கள். கடன் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் தம்பி கையெழுத்தின் கனமும் குறையும்.

அவனுக்கு நிஜமாகவே படிப்பு வேண்டாம் என்றால், கடன் விவரத்தை ஒரு தாளில் தமிழில் எழுதி அவன் கையில் கொடு. உன் பெயரில் கடன் தொகைக்கு டேர்ம் இன்சூரன்ஸ் எடு. அப்புறம் விமானம் ஏறு.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போ. வஞ்சிரம் விலையைக் கேட்டு மலைத்து நிற்காதே, சங்கரா வாங்கு. அவன் வண்டி ஓட்டும்போது கேட்காதே, எங்காவது டீக்கடையில் நிறுத்திக் கேள்: "நீ பி.இ. சேரணும்னு நினைச்சியாடா?" 'அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா' என்பான். முதல் தடவை எல்லாத் தம்பியும் அப்படித்தான் சொல்வான். இரண்டாவது தடவையும் கேள்.