பட்டறையில் காகித அட்டைக்கு என்ன வேலை?

கேள்வி: பல்கலைக்கழகப் புத்தாக்க ஆய்வகத்தில் நடந்த வடிவமைப்புச் சிந்தனைப் பட்டறைக்குச் சென்ற என் மகள், இரண்டு நாளும் காகித அட்டையை வெட்டி ஒட்டியதாகச் சொல்கிறாள். பொருள்களையே அடுக்கடுக்காக உருவாக்கித் தரும் முப்பரிமாண அச்சுப்பொறியைத் தொடவே விடவில்லையாம். இது வீண்தானே?
- வாசகி, பாம்பன்

பதில்: வீண் அன்று, அம்மா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பிய வடிவமைப்புச் சிந்தனை முறையில், பயன்படுத்துவோரை அறிதல், சிக்கலை வரையறுத்தல், யோசனை திரட்டல், மாதிரி செய்தல், சோதித்தல் என்னும் 5 படிகளுள் கருவிக்கு நான்காவதில்தான் இடம். உங்கள் கரையையே பாருங்கள்: கடற்பாசி எடுக்கும் பெண்கள், பாறையில் கை கிழியாமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்குகிறார்கள். அவர்களுக்குக் கையுறை செய்ய விரும்பும் மாணவி, நனைந்த துணி எந்த விரலில் முதலில் நழுவுகிறது என்பதை அருகில் அமர்ந்து கவனிக்காமல் அச்சிட்டால், பாசியைப் பற்ற முடியாத கையுறைதான் கிடைக்கும். துணியிலோ அட்டையிலோ செய்த மாதிரி சரிவராவிட்டால் சில நிமிடங்களில் வெட்டி மாற்றலாம். அச்சிட்டதற்கோ மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதைவிட, பளபளப்பாக முடித்துக் கொண்டுவந்ததைக் குறை சொல்லப் பயன்படுத்துவோருக்கும் மனம் வராது. எனினும், ஒருமுறைகூடக் கருவியை இயக்க விடாதது குறைதான். மகளின் மாதிரியை எடுத்துச் சென்று, ஆய்வகப் பொறுப்பாளரிடம் அச்சிட நேரம் கேட்கச் சொல்லுங்கள்.