கழுத்தில் தொங்கும் போன் கடலில் காப்பாற்றுமா?

கேள்வி: நாங்கள் குலசேகரத்தில் இருக்கிறோம். அக்காவின் பிள்ளைகள் மூன்று பேர் (9, 13, 16 வயது) மே மாத லீவுக்கு ஈரோட்டிலிருந்து வருகிறார்கள். தேங்காய்ப்பட்டணத்திலும் கோவளத்திலும் கடலில் குளிக்க வேண்டுமாம். கழுத்தில் மாட்டும் வாட்டர்புரூஃப் பவுச் வாங்கிவிட்டோம். மூத்தவனிடம் ஸ்மார்ட் வாட்ச் உண்டு. ஆபத்து என்றால் இவை தகவல் அனுப்புமா? எந்த ஆப் போடலாம்?

பதில்: அனுப்பாது. உப்புத் தண்ணீருக்குள் சில அங்குலம் போனாலே மொபைல் சிக்னலும் ஜிபிஎஸ்ஸும் செத்துவிடும். பவுச்சுக்குள் தண்ணீர் புகாது, உண்மைதான். ஆனால் மார்பளவு தண்ணீரில் நிற்கிறவன் கழுத்தில் அது தண்ணீருக்குள்தான் கிடக்கும். தண்ணீர் பிளாஸ்டிக்கை அழுத்தும்போது டச்சும் வேலை செய்யாது. கடைக்காரர் காட்டும் ‘ஐபி68’ என்ற தண்ணீர் புகாத தரக் குறியீடு நன்னீரில் வைத்துப் பார்த்த சோதனை. உப்பு நீருக்கும் அலையின் அடிக்கும் அது பொருந்தாது. ஆள் கீழே விழுவதை வாட்ச் கண்டுபிடிக்கும் வசதி தரையில் விழுபவருக்கானது. மூழ்குகிறவன் ‘விழுவதில்லை’. பவுச் கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் பிள்ளைகள் இன்னும் பத்தடி உள்ளே போவார்கள். அதனால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். போன் மணலில் நிற்கும் ஒரு பெரியவர் கையில் இருக்கட்டும். அவர் குளிக்கக் கூடாது.

போனுக்கு உண்மையான வேலை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பு இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நம் மேற்குக் கடற்கரைக்குப் பெரிய ஆபத்து கள்ளக்கடல். தென் இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த காற்று கிளப்பிய அலை, சில நாட்கள் கழித்து இங்கே வந்து சேரும். அன்று இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானிலை ஆப் சூரியனைக் காட்டிச் சிரிக்கும். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் ‘சமுத்ரா’ ஆப்பைப் போடுங்கள், இலவசம்தான். கூடவே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சச்சேத்’ ஆப்பையும் போட்டு, இருப்பிட அனுமதி கொடுங்கள். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து இரண்டையும் விலக்கி வையுங்கள். இல்லையென்றால் விலை குறைந்த போன்கள் எச்சரிக்கையை விழுங்கிவிடும். காசு கட்டச் சொல்லும் ‘கடல் பாதுகாப்பு’ ஆப் எதுவும் வேண்டாம்.

எச்சரிக்கையில் குமரி மாவட்டம் ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ என்று வரும். தேங்காய்ப்பட்டணம் அதற்குள் அடக்கம். ‘ஒன்றரை மீட்டர் அலை’ என்று படித்துவிட்டு, நம் உயரம்கூட இல்லையே என்று நினைக்கிறவர்கள் அதிகம். உயரம் பெரிதில்லை. இந்த அலை இரண்டு சாதா அலைகளுக்குரிய நேரத்தை ஒன்றாகவே எடுத்துக்கொண்டு நீளமாக வந்து ஏறும், ஏறின வேகத்தில் மணலோடு ஆளையும் இழுக்கும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்ட நாட்களில்தான். எச்சரிக்கை ஹைதராபாத்திலிருந்து புறப்பட்டு மாவட்ட நிர்வாகம் வரை ஒழுங்காக வருகிறது. அங்கிருந்து கடற்கரை மணல் வரையுள்ள கடைசி அரை கிலோமீட்டரைத்தான் கடப்பதில்லை. துருப்பிடித்த ஒரு பலகை, அதில் எந்த ஆண்டோ எழுதிய ‘குளிக்கத் தடை’. இன்றைய நிலையை இன்று சொல்லும் கொடி ஒன்றை ஏற்ற எத்தனை கோப்பு நகர வேண்டுமோ!

கரைக்குப் போனதும் உடனே இறங்காதீர்கள். ஒரு பாறையைக் குறி வைத்துக்கொண்டு, போன் ஸ்டாப்வாட்ச்சில் பத்து அலைகள் கடக்கும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுங்கள். ஆறேழு விநாடி என்றால் பக்கத்துக் காற்றின் அலை. பதினைந்துக்கு மேல் என்றால் தூரத்திலிருந்து வந்த அலை, அன்று கால் நனைப்பதோடு சரி. இருபது நிமிடமாவது பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டு நடுவே ஓய்வெடுக்கும், அந்த ஓய்வில்தான் ஏமாந்து இறங்குவார்கள். அதோடு உயரமான இடத்தில் நின்று மூன்று நிமிடம் வீடியோ எடுத்து வேகமாக ஓட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் அலை உடைந்து வெள்ளை நுரை தெரிய, ஒரு பட்டை மட்டும் கறுத்து, நுரை கடல் பக்கம் ஓடினால் அதுதான் இழுவை, ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். வெளியூர்க்காரருக்கு அந்த இடமே அமைதியாகத் தெரியும். தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீளும் கல்சுவர்) ஓரமும் பொழிமுகமும் (ஆறு கடலில் சேரும் இடம்) அப்படிப்பட்டவை, எந்த நாளிலும் வேண்டாம்.

இனி கோவளம். இந்தப் பெயரில் மூன்று ஊர் உண்டு: திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் மீனவர் ஊர் ஒன்று, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று. போனில் வெறும் ‘கோவளம்’ என்று தேடினால் வங்காள விரிகுடாவின் அலை நிலவரத்தைப் பார்த்துவிட்டு அரபிக்கடலில் இறங்குவீர்கள். கேரளக் கோவளத்துக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு வரும் எச்சரிக்கையைப் பாருங்கள்.

அவசரத்துக்கு 112 அடிக்கும்போதும் இதே குழப்பம். எல்லையோரத்தில் உங்கள் போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகக்கூடும். நீரோடியில் நின்றுகொண்டு திருவனந்தபுரத்தில் மலையாளம் பேசுபவரிடம் ‘கோவளம் போற வழி’ என்று தொடங்கினால், உதவி வேறு பக்கம் போகும். அதனால் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: “தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம், தேங்காய்ப்பட்டணம் கடற்கரை, ஒருவர் மூழ்குகிறார்.” அடுத்து, அருகிலுள்ள தேவாலயத்தின் பெயர். நம் கடற்கரையில் அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கேரளத்தில் நின்றால் ‘கேரளம், திருவனந்தபுரம் மாவட்டம்’ என்று தொடங்குங்கள். இருப்பிடம் தானாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள், வாயால் சொல்லுங்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் 112 வேறு கம்பெனி டவர் வழியாகப் போக வாய்ப்புண்டு, அடித்துப் பாருங்கள். கடலோரப் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் முன்பே பதிந்து வையுங்கள்.

வேன் ஓட்டுநரோ தங்குமிடப் புரோக்கரோ “ஆள் இல்லாத நல்ல பீச், தோப்பு வழியா கூட்டிட்டுப் போறேன்” என்றால் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். ஆள் இல்லாத கரையில் காப்பாற்றவும் ஆள் இல்லை. வலை சீர்செய்துகொண்டிருக்கும் மீனவர் இருக்கும் கரையாகப் பாருங்கள். “அண்ணே, இன்னிக்குத் தண்ணி எப்படி?” என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றால் கேள்வியில்லை.

யாராவது இழுபட்டால், கரையில் நிற்பவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசட்டும். கண் அந்தத் தலையை விட்டு அகலக் கூடாது, வீடியோ எடுக்கவே கூடாது. நிற்கும் இடத்தில் செருப்பைப் போட்டு, அந்தத் தலைக்கு நேரே இன்னொன்றை வைத்தால் திசை தவறாது. பின்னாலேயே குதிக்காதீர்கள். மூடி இறுக்கிய காலி இருபது லிட்டர் தண்ணீர் கேனில் கயிறு கட்டி எறியுங்கள். ஆகவே வண்டியில் அந்தக் கேனும் இருபது மீட்டர் கயிறும் கட்டாயம். இழுபட்டவன் கரையை நோக்கி நீந்தாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். வெளியே எடுத்தவுடன் மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்க்காதீர்கள். முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு 30 முறை நெஞ்சழுத்தம், 2 ஊதல் என்று 108 வரும் வரை நிறுத்தாமல் செய்யுங்கள்.