டென்ட்டைக் கடைசியில் வாங்குங்கள்

அன்புள்ள சார்,

உங்கள் சைக்கிள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இதுவரை காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் பயணங்கள்தான் போயிருக்கிறேன். இனி மூன்று நான்கு இரவுகள் வெளியே தங்குவதுபோலப் போக ஆசை. என்னிடம் இருப்பது டிராப் பார் (இரு முனையும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்) வைத்த, மண்பாதையிலும் ஓடும் கிராவல் சைக்கிள். கேரியர் கிடையாது, மாட்டவும் விருப்பமில்லை. ஹேண்டில்பார் பை, பிரேம் பை, சீட் பை மூன்றும் வாங்கிவிட்டேன்.

எதில் தங்குவது என்பதில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறேன். எடைகளை ஓர் அட்டவணையாகப் போட்டு வைத்திருக்கிறேன். மலை ஏறுபவர்கள் தங்கள் ஊன்றுகோலை வைத்து நிறுத்துவார்களே, அந்த வகை டென்ட் ஒன்று, 900 கிராம். பைவி, அதாவது ஸ்லீப்பிங் பேக்கின் மேல் மாட்டும் நீர்புகா உறை, 450 கிராம். மரங்களுக்கு நடுவே கட்டும் ஹேமக், 600 கிராம். வீட்டில் 2.6 கிலோவுக்கு இருவர் படுக்கும் டென்ட் ஒன்று சும்மா கிடக்கிறது. பந்தயக்காரர்கள் பைவியே போதும் என்கிறார்கள். நான் ஆறடி உயரம், ஒருக்களித்துத் தூங்குபவன், சீக்கிரம் குளிரெடுக்கும் உடம்பு. போக நினைக்கும் இடங்களில் இரவில் 5 டிகிரி வரை இறங்கும், மழையும் வரலாம். எந்த டென்ட் வாங்கலாம்? ஸ்லீப்பிங் பேக் டவுனா (வாத்தின் மென்தூவி), செயற்கை இழையா? டென்ட்டுக்கு அடியில் விரிக்கத் தனியாக ஒரு ஷீட் விற்கிறார்களே, அது வேண்டுமா?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் அட்டவணையில் எல்லாவற்றுக்கும் எடை இருக்கிறது, நீளம் எதற்கும் இல்லை. அதைவிட ஆச்சரியம், கீழே விரித்துப் படுக்கும் மேட் பற்றிக் கடிதம் முழுக்க ஒரு வார்த்தைகூட இல்லை. 5 டிகிரி இரவு, சீக்கிரம் குளிரெடுக்கும் என்று சொல்லிவிட்டு நேராகக் கூரைக்குப் போய்விட்டீர்கள். தரையிலிருந்து தொடங்குங்கள் என்பேன். முதலில் மேட், அப்புறம் ஸ்லீப்பிங் பேக், கடைசியில் டென்ட். கையில் இருக்கும் பணத்தையும் இதே வரிசையில் செலவழியுங்கள்.

அதற்கு முன்னால் எடைக் கணக்கைத் தீர்த்துவிடலாம். நீங்கள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 300 கிராம் என்பது ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் மிதித்து ஏற வேண்டிய ஏற்றத்தில் அது உங்களைச் சுமார் 12 நொடி தாமதப்படுத்தும். சமதளத்தில் அதுவும் இல்லை. முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் தோளில் தெரியும், அவர்கள் தராசோடு திரிவதில் நியாயம் இருக்கிறது. சைக்கிளில் முதலில் தீர்ந்துபோவது இடம். ஆகவே எந்தப் பொருளைப் பார்த்தாலும் மடித்தால் எவ்வளவு பருமன், எவ்வளவு நீளம் என்பதை முதலில் பாருங்கள். எடையை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

முக்கியமாக இரண்டு இடங்களை அளக்க வேண்டும். ஒன்று, டிராப் பாரின் இரு வளைவுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பார் 42 செ.மீ. அகலம் என்றாலும், கியர் லீவர் உள்பக்கம் அசைய இடம் விட்டால் கையில் மிஞ்சுவது 35 செ.மீ. அளவுதான். இரண்டாவது, சீட்டுக்கும் பின் டயருக்கும் இடையே உள்ள உயரம். நீங்கள் உயரமானவர், அங்கே உங்களுக்கு இடம் தாராளமாக இருக்கும்.

இப்போது உங்கள் 900 கிராம் டென்ட்டுக்கு வருவோம். அந்த எடையில் ஊன்றுகோல் சேராது. நடப்பவர் கையில் அது ஏற்கெனவே இருக்கிறது, உங்களிடம் இல்லை. அதற்கென்று தனியாக மடக்குக் கழி வாங்க வேண்டும். சாதாரண டென்ட்டிலும் இதே தொல்லை உண்டு. அவற்றின் கழிகளை மடக்கினால் பெரும்பாலும் 40 முதல் 50 செ.மீ. இருக்கும், டிராப் பாருக்கு நடுவே நுழையாது. சைக்கிள்காரர்களுக்கென்றே 30 செ.மீ. அளவுக்கு மடங்கும் கழிகளோடு சில டென்ட்டுகள் வருகின்றன. நீளக் கழி உள்ள டென்ட்தான் அமைந்தது என்றாலும் வழி இருக்கிறது: கழிகளை மட்டும் பிரித்து பிரேம் பையில் வைக்கலாம், அல்லது மேல் குழாயோடு சேர்த்து வாரால் கட்டலாம். கழியும் துணியும் ஒரே பையில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

சரி, மேட். நாம் படுத்தவுடன் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உடம்பின் எடையில் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய இழைக்குள் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் கதகதப்பும் இல்லை. எவ்வளவு நல்ல ஸ்லீப்பிங் பேக்காக இருந்தாலும் முதுகுக்குக் கீழே அது வெறும் துணிதான். தரைக்குப் போகும் வெப்பத்தைத் தடுக்கும் வேலை முழுக்க மேட்டுடையது. அதை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டுவதுதான் ஆர் மதிப்பு. முன்பெல்லாம் ஆளுக்கொரு முறையில் அளந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரம் வந்த பிறகுதான் ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. மெல்லிய நுரை மேட் 2-ஐ ஒட்டி வரும், கோடைக்குப் போதும். உங்கள் 5 டிகிரிக்கு 3-க்கும் 4-க்கும் இடையில் எடுங்கள். குளிர் தாங்காத உடம்பு என்கிறீர்கள், அதனால் 4 பக்கமே சாயுங்கள்.

நுரை மேட்டில் ஓட்டை விழாது, விரித்தால் வேலை முடிந்தது. எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. ஆனால் சைக்கிளில் அதைக் கட்ட இடமில்லை, ஒருக்களித்துப் படுப்பவரின் இடுப்பெலும்பையும் அது தாங்காது. உங்களுக்குக் காற்றடைக்கும் மேட்தான் சரி, 7 அல்லது 8 செ.மீ. தடிமனில். சுருட்டினால் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் அளவுக்கு வந்துவிடும். வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே தங்கும், நாள் முழுக்க மிதித்த பிறகு தலையும் சுற்றும். அதோடு வரும் ஊதுபையைப் பயன்படுத்துங்கள், அதையே உடைகள் போட்டு வைக்கும் பையாகவும் வைத்துக்கொள்ளலாம். மேட்டுடன் வரும் ஒட்டுத்துண்டுகளை பஞ்சர் கிட்டோடு சேர்த்து வையுங்கள். டியூப் ஒட்டும் பசை எல்லா மேட் துணியிலும் பிடிக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இன்னொன்று, வாங்குமுன் அதன்மேல் புரண்டு பாருங்கள். சில மேட்கள் ஒவ்வொரு அசைவுக்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பதுபோலச் சத்தம் போடும்.

ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் டிகிரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற தரத்தின்படி சோதித்த பேக்கில் மூன்று எண்கள் உண்டு. சராசரிப் பெண் ஒருவர் உடலைத் தளர்த்திப் படுத்துக் குளிரில்லாமல் தூங்கக்கூடிய வெப்பநிலை கம்ஃபர்ட். சராசரி ஆண் ஒருவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஒருவழியாகத் தூங்கிவிடக்கூடியது லிமிட். மூன்றாவதான எக்ஸ்ட்ரீம் உயிர் பிழைப்பதற்கானது, தூங்குவதற்கானதல்ல. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பல நேரம் லிமிட் எண்ணைத்தான். நீங்கள் கம்ஃபர்ட்டை மட்டும் பாருங்கள். 5 டிகிரி இரவுக்குக் கம்ஃபர்ட் 0-வை ஒட்டி இருக்கட்டும்.

டவுனா செயற்கையா என்றால், உங்களுக்கு டவுன். ஒரே கதகதப்புக்கு அது பாதி இடத்தில் அடங்கிவிடும் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரியும், உங்கள் பைகளுக்கு அதுதான் வேண்டும். நனைந்தால் டவுன் உப்பலை இழந்து கட்டிதட்டிப் போகும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் நீர்புகாப் பை. வாயைச் சுருட்டி மூடும் பையில் போட்டால் நாள் முழுக்கக் கொட்டும் மழையையும் தாங்கும். ஈரமான டென்ட்டை மட்டும் அதே பைக்குள் திணிக்கக் கூடாது. வாரக்கணக்கில் விடாத மழையில், துணி காய வழியே இல்லாமல் போகிறவருக்கு நான் செயற்கை இழையைச் சொல்வேன். மூன்று நான்கு இரவுகளுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

டவுனில் ஃபில் பவர் 800, 900 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓர் அவுன்ஸ் டவுன் உப்பி எத்தனை கன அங்குலம் அடைக்கிறது என்பதுதான் அது. உள்ளே எத்தனை கிராம் டவுன் இருக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணால் பயனில்லை. பின்பக்கம் இல்லாத குவில்ட் வகையும் உண்டு. நசுங்கி வீணாகும் அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்ட போர்வை அது, எடையும் பருமனும் குறைவு. தத்துவம் சரிதான். ஆனால் ஒருக்களித்துப் புரள்பவருக்கு ஓரங்களில் காற்று புகும், மேட்டோடு வார் போட்டுக் கட்டினாலும் கொஞ்சம் புகும். குளிர் தாங்காதவருக்கு முதல் வாங்கலாக அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூங்கப் போகும்போது சைக்கிள் ஷார்ட்ஸைக் கழற்றிவிட்டு, அதற்கென்றே வைத்த காய்ந்த உடையை மாட்டுங்கள். வியர்வை ஊறிய துணியோடு உள்ளே புகுந்தால் அந்த ஈரம் டவுனுக்குள்தான் போகும். சீட் படும் இடத்துத் தோலும் இரவிலாவது காய வேண்டும். குளிருக்குப் பயந்து முகத்தை உள்ளே இழுத்து மூச்சு விடுவதும் கூடாது. குல்லா போட்டுக்கொண்டு மூக்கை வெளியே விடுங்கள்.

இனி கூரை. இலேசான பயணத்துக்கு எல்லை எங்கே என்று கேட்டால் எனக்கு நினைவுக்கு வருபவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884-இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து உயரச் சக்கர சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பியபோது, அவரிடம் இருந்த மழைக்கோட்டுதான் கூடாரமும் படுக்கையும். பந்தயக்காரர்களின் பைவியும் அந்தப் பரம்பரையில் வருவதுதான். கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து மெக்சிகோ எல்லை வரை சுமார் 4,300 கி.மீ. ஓடும் டூர் டிவைட் சைக்கிள் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்குள் முடிக்கிறார்கள். அப்படியென்றால் நாளுக்கு 300 கி.மீ.க்கு மேல். நான்கைந்து மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு ஓடுகிற ஆளுக்குப் பைவி சரி, அவர் அதில் வாழப் போவதில்லை. நீங்கள் மாலை ஆறு மணிக்கு மழையில் வந்து இறங்கி, உடை மாற்றி, சாப்பிட்டு, மறுநாள் காலை வரை அதற்குள் என்ன செய்வீர்கள்? தவிர, இரவு முழுக்க உடம்பிலிருந்தும் மூச்சிலிருந்தும் ஒரு டம்ளர் அளவுக்கு நீர் ஆவியாகப் போகிறது. பைவியில் அது முகத்துக்கு ஒரு சாண் தூரத்திலேயே நீராக மாறும். மழை நனைக்காததை அது நனைக்கும்.

ஹேமக் எனக்கு மிகவும் பிடித்த படுக்கை, தரை எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் உங்கள் 600 கிராம் முழுக் கணக்கல்ல. அடியிலிருந்து காற்று குளிர்விப்பதால் 20 டிகிரி அளவிலேயே முதுகு சில்லிட ஆரம்பிக்கும். அடிப்போர்வை, மேலே மழைக்குக் கட்டும் டார்ப் விரிப்பு, மரப்பட்டையை அறுக்காத அகலமான வார் எல்லாம் சேர்த்தால் எடையும் பருமனும் டென்ட்டைத் தாண்டிவிடும். ஒருக்களித்துத் தூங்குபவர்களில் சிலருக்குத்தான் அது ஒத்துவரும். மரமில்லாத இடம் என்றால் பேச்சே இல்லை. டார்ப் மட்டும் கொண்டுபோய், சைக்கிளையே தூணாக்கிக் கட்டுவதும் உண்டு. பூச்சியில்லாத, காற்றடிக்காத பருவத்தில் அருமையாக இருக்கும், அனுபவம் வந்த பிறகு பாருங்கள்.

ஆகவே உங்களுக்கு டென்ட்தான். ஒருவர் படுப்பது, உள்ளே வலைக்கூடும் மேலே துணியுமாக இரட்டை அடுக்கு, குட்டைக் கழி, 1.2 கிலோ வரை. ஒற்றை அடுக்கு டென்ட் இன்னும் சிறியதாக மடங்கும், ஆனால் மேகமில்லாத இரவில் துணி வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து உள்பக்கம் நீர் கோர்க்கும். இரட்டை அடுக்கில் அந்த நீருக்கும் உங்கள் டவுனுக்கும் நடுவே ஒரு வலை நிற்கும். ஆறடிக்காரர் என்பதால் தரையின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 8 செ.மீ. மேட் உங்களை மேலே தூக்கும், தலைப்பக்கமும் கால்பக்கமும் சுவர் சரிந்து வரும், பேக்கின் நுனி போய் ஈரத்தில் உரசும். மேட் விரித்துப் படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

துணியில், சிலிகான் பூசிய நைலான் நனைந்தால் தளரும், நடு இரவில் எழுந்து கயிற்றை இழுக்க வேண்டிவரும். பாலியெஸ்டர் அவ்வளவு தளராது. டைனீமா என்ற செயற்கை இழைத் துணி நீரை உறிஞ்சாது, தளராது, எடையும் மிகக் குறைவு. ஆனால் விலை கடுமை, மடித்தால் நைலான் அளவுக்குச் சிறியதாகவும் ஆகாது. நடப்பவர்கள் கொண்டாடும் ஒரு துணி நமக்கு அவ்வளவாகப் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

கட்டும்போது ஸ்லீப்பிங் பேக்கும் மேட்டும் ஹேண்டில்பாரில், இரண்டும் மெத்தென்று இருப்பதால் உருளையாகச் சுருளும். கேபிள்களை நசுக்காமல் பாருங்கள். முன்னால் மூன்று கிலோவைத் தாண்டினால் திருப்பும்போது கை கனக்கும். டென்ட் துணி சீட் பையின் வாய்ப்பக்கம், இறங்கியவுடன் முதலில் கைக்கு வர வேண்டும். முளைகள் பிரேம் பையின் அடியில்.

இந்த டென்ட்டையும் உடனே வாங்க வேண்டாம். மேட்டும் பேக்கும் வாங்கிக்கொண்டு, முதல் பயணத்துக்கு அந்த 2.6 கிலோ டென்ட்டையே கழி தனி, துணி தனி என்று பிரித்துக் கட்டிப் பாருங்கள். கூட ஒரு நண்பர் வந்தால் ஆளுக்குப் பாதி, 1.3 கிலோதான்.

அடி ஷீட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டென்ட் கம்பெனி விற்பது தேவையில்லை. முள்ளும் கூர்கல்லும் உள்ள தரை என்றால் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று போதும். டென்ட்டின் தரையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் குறைத்து வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து நேராக உங்களுக்கு அடியில் கொண்டுவந்து தேக்கிவிடும்.

அன்புடன்.