ஏழடி சென்டர்கள்: சீனப் பெண்கள் கூடைப்பந்து பற்றிய கேள்வி பதில்

முரளி: சீன அணியில் வளையத்தடியில் ஆடும் சென்டர் ஜாங் ஸியூ குதிக்காமலேயே பந்தைப் போடுகிறார். இவருக்காக வளையத்தை உயர்த்தக் கூடாதா?

வேண்டாம் முரளி. அவர் உயரம் 2.20 மீட்டர், வளையம் 3.05 மீட்டரில் இருக்கிறது. கையைத் தூக்கினால் ஏறக்குறைய ஒரு சாண்தான் இடைவெளி. வளையத்தை உயர்த்தினால் அடிபடுவது குட்டை ஆட்டக்காரர்களின் தூர ஷாட்தான். தவறிய பந்து மறுபடி உயரமானவர் கைக்கே போகும். தாக்கும் அணியின் ஆள் மூன்று விநாடிக்கு மேல் வளையத்தடியிலேயே நின்றுவிடாமல் தடுக்க மூன்று விநாடி விதி இருக்கிறது, அது போதும்.

தேவி: அப்படியும் சீனா எப்படித் தோற்கிறது?

நல்ல கேள்வி. 2024-இல் ஷென்ஜெனில் நடந்த 18 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை இறுதியில் ஜாங் ஸியூ தனியாக 42 புள்ளி எடுத்தார். ஆனால் ஜெயித்தது ஆஸ்திரேலியா, 96-79. அடுத்த ஆண்டு அதே ஊரில் பெரியவர்களுக்கான ஆசியக் கோப்பை அரையிறுதியில் ஜப்பான் 90-81 என்று சீனாவை வீழ்த்தியது. ஜப்பானில் இவர் உயரத்துக்குப் பக்கத்தில்கூட ஆள் கிடையாது.

இரண்டு அணிகளும் வேகத்தை நம்பின. கூடை விழுந்த கையோடு பந்தை எடுத்து ஓட ஆரம்பித்தால், ஜாங் ஸியூ நடுக்கோட்டைத் தாண்டி வருவதற்குள் மறுமுனையில் ஷாட் போய்விடும். நின்று ஆடும்போது அவர் காக்கும் ஆளை வளையத்திலிருந்து தொலைவில் உள்ள மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். அவர் வெளியே வந்தால் வளையத்தடி காலி, வராவிட்டால் எதிராளிக்குத் தடையில்லாத ஷாட். ஜாங் ஸியூவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதின்வயதுப் பெண்ணின் தலையில் மொத்த ஆட்டத்தையும் கட்டியது பயிற்சியாளர்களின் வேலை.

செல்வி: இவருக்கு முன்னால் யார்?

ஜெங் ஹாய்ஷியா. 1967-இல் பிறந்தவர், 2.04 மீட்டர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். அந்த அணியில் அவரைவிட உயரமான சென் யுவேஃபாங்கும் இருந்தார். பிறகு 1992 பார்சிலோனாவில் வெள்ளி, 1994 உலகப் போட்டியில் பிரேசிலுடன் இறுதி ஆட்டம். 1997-இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியபோது முப்பது வயதில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் அணிக்குப் போனார். அந்த முதல் சீசனில் ஆட்டப் பண்புக்கான விருது அவருக்குத்தான். என்னைக் கேட்டால் இன்றைக்கும் அவர்தான் முதலிடம். பந்தை வாங்கித் திரும்பும் அந்த மென்மை வேறு யாருக்கும் வரவில்லை.

ரமேஷ்: இவ்வளவு உயரம் நோய்தானே?

எல்லாருக்கும் அப்படி இல்லை. ஜாங் ஸியூவின் அப்பா, அம்மா இருவருமே கூடைப்பந்து ஆடியவர்கள், உயரம் குடும்பச் சொத்து. இன்னொரு சீனப் பெண்ணான யாவ் டெஃபென் கதை வேறு. 2.33 மீட்டர் வளர்ந்த அவருக்கு, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி. அவரையும் விளையாட்டுக்கு இழுக்கப் பார்த்தார்கள், உடம்பு தாங்கவில்லை. 2012-இல் நாற்பது வயதில் இறந்தார். உயரத்தைப் பார்த்ததும் ஜெர்சியை நீட்டுவதற்கு முன் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அருண்: சீனாவின் இன்னொரு சென்டர் ஹான் ஷூ எப்படி?

இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், மூன்று புள்ளிக் கோட்டிலிருந்தும் போடுவார். ஜப்பானின் உத்தி இவரிடம் அவ்வளவாகப் பலிக்காது. 2022 உலகக் கோப்பையில் சீனா வெள்ளி வென்றதிலும், 2023 ஆசியக் கோப்பை இறுதியில் ஜப்பானை 73-71 என்று முந்தியதிலும் இவர் பங்கு பெரியது.

பிரியா: எங்கள் கல்லூரி அணி சென்டர் 6 அடி 1 அங்குலம். ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டின் பந்தை எடுத்தும் பறிகொடுக்கிறாள்.

எடுத்த பந்தை இடுப்புக்கு இறக்குகிறாளா என்று பாருங்கள் பிரியா. குட்டைக் கைகள் காத்திருக்கும் இடம் அதுதான். பிடித்த இடத்திலேயே, நெற்றிக்கு மேலே, இரண்டு கையாலும் பந்தை வைத்துக்கொள்ளட்டும். முழங்கை இரண்டும் விரிந்திருக்கலாம், ஆனால் வீசக் கூடாது, ஃபவுல் கொடுத்துவிடுவார்கள். கூடவே பந்தைக் கொண்டுவரும் கார்டுகளுக்கும் சொல்லுங்கள்: அவளுக்கு பாஸ் தரையில் தட்டி வரக் கூடாது, தலைக்கு மேலேதான் வர வேண்டும்.